நூற்றுப் பதினேழு

வெள்ளவத்தைக் கால்வாய் கடலோடு சேருமிடத்தில்
காலிக் கடுகதி தட்டிவிட்டுப் போன கபரகொய்யாவை
உரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து தந்தவர்
கடவைக் காவலர் கெமுனு.
"வால் மட்டும் அடங்கேல்ல, மிஸ்" என்றார்,
ஏதோ தன்னுடைய பிழை போல.

ஒரு மீற்றர் அறுபத்தெட்டு. பெண்.
டொக்டர் இமேஷா வெட்டுகிறார்; நான் எழுதுகிறேன்.
யன்னலுக்கு வெளியே ஹோர்ன் அடித்தபடி
நூறாம் இலக்க பஸ் பாணந்துறைக்குப் போகிறது.

இரைப்பை.
நகத்தோடு ஒரு கோழிக் கால்.
திலாப்பியாவின் செவுள்மூடி. நண்டோடு.
ஒரு லன்ச் சீற் துண்டு,
பருப்புக்கறியின் மஞ்சள் அதில் இன்னும் போகவில்லை.
யாரோ ஒருவருடைய மத்தியானம்
கால்வாய்வழி நடந்துவந்து இங்கே முடிந்திருக்கிறது.

அதற்குக் கீழே, அவை.

அவித்த சேமியா என்று நினைத்துவிட்டேன்,
நினைத்திருக்கக் கூடாது.
அரிசி கழுவிய தண்ணீரின் நிறம்.
தலையைச் சுவருக்குள் புதைத்து
வாலை மட்டும் வெளியே விட்டு
மெல்ல மெல்ல அசைகின்றன.
உடம்பு செத்து ஐந்து மணித்தியாலம்.
அவற்றுக்கு யாரும் சொல்லவில்லை.

உடும்புப் பிடி என்கிறோம்.
கள்வன் கயிறு கட்டி மதிலில் எறிந்தால்
ஆள் ஏறி முடியும்வரை விடாதாம்.
அந்தப் பிடிக்குள்ளே
இப்படி ஒரு பிடி இருந்தது
கள்வனுக்கும் தெரியாது, உடும்புக்கும் தெரியாது.
இடுக்கியால் இழுக்கிறேன். வரவில்லை.
"இழுக்காதே, தலை அறுந்தால் இனம் சொல்ல ஏலாது.
இளஞ்சூட்டில் உப்புத்தண்ணி ஊற்று.
அதுவே யோசிக்கட்டும்."

'உடும்பு வேண்டாம், கையை விட்டால் போதும்' என்று
ஆறாம் வகுப்பில் பத்துத் தரம் எழுதியிருக்கிறேன்.
இங்கே உடும்பு எல்லாவற்றையும் விட்டாயிற்று.

கடைசியில் யோசித்தன.
நுணுக்குக்காட்டிக்குக் கீழே
ஒவ்வொரு தலையிலும் ஒரு புடைப்பு,
நடுவில் வளையம் இறுக்கிய முடி போல.
அமிலத்தில், இருட்டில்
எல்லோரும் முடிசூடிய ஓர் அரசவை.
குடிமக்கள் என்று ஒருவர்கூட இல்லை.

சாக்கைத் திருப்பி எடுக்க வந்த கெமுனு
கதவடியில் நின்று பார்த்தார்.
"இதுகள்தானா கொன்றது?"
"இல்லை, றெயில்."
"இவ்வளவையும் வயிற்றில வச்சுக்கொண்டு?"
"ஓம். நல்லாத்தான் இருந்திருக்கு.
இந்த மஞ்சளெல்லாம் கொழுப்பு, பாருங்க."
கெமுனு தன் சட்டையின் கீழ்ப் பொத்தானைத் தடவினார்.
அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை.
சாக்கையும் மறந்துவிட்டுப் போனார்.

பத்தொன்பது முட்டைகளும் இருந்தன.
அதற்கு வேறு பத்தி.

நான் எண்ணியபோது நூற்றுப் பதினேழு.
டொக்டர் எண்ணியபோது நூற்றுப் பதினாறு.
திரும்பவும் எண்ணினோம், பதினாறுதான்.
"ஒன்று நகர்ந்திருக்கும்,
நீ இரண்டு தரம் எண்ணியிருப்பாய்."
எழுபது வீத மதுசாரம்.
பென்சிலால் எழுதிய சீட்டு, ஏனென்றால் மை கரைந்துவிடும்.
பதினேழை வெட்டிப் பதினாறு என்று எழுதினேன்.
வெட்டியது வாசிக்கக் கூடியதாகவே இருந்தது.

வீட்டுக்குப் போகும்போது மழை.
பாலத்தடியில் வாகனங்கள் நின்றிருந்தன,
விபத்து என்று நினைத்தேன்.
இன்னொன்று.
வயிறு வெள்ளைக்கோட்டில் உரச உரச
வீதியைக் கடந்துகொண்டிருந்தது.
ஓட்டோக்காரர் ஒருவர் அதன் தாயைத் திட்டினார்,
ஆனால் பிறேக்கில் இருந்து காலை எடுக்கவில்லை.
நடுவில் அது நின்று
நாக்கை நீட்டி மழையைப் பார்த்தது.
எல்லோரையும் சுமந்துகொண்டு
கானுக்குள் இறங்கிப் போனது.

இரவு சட்டையைத் தோய்க்கும்போது
கைமடிப்பில் வெள்ளையாய் ஏதோ.
நூல்.
பல்ப்புக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தேன்.
நூல்தான்.